தேதியில்லாத நாடா

“டிரம் எங்கலே? எதிர்ப்பாட்டு எங்க? ஒத்தக் குரலுல்லா கேக்கு” என்றார் ரோச்.

கிளாட்வின் டேப் ரிக்கார்டரை நிறுத்தினான்.

மேசையில் மூன்று நாடாக்கள் இருந்தன. மூன்றும் கொழும்பு வானொலியில் பதிவானவை. பாடியது ‘கொண்டல்’ குழு. பாஸ்கலும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும். மூவரும் தோணித் தொழிலாளிகள். சரக்கு இறக்கக் கொழும்பு போகும்போதெல்லாம், பாய் இழுக்கும் பாட்டைக் கித்தாரும் டிரம்மும் சேர்த்து வானொலியில் பாடிவிட்டு வருவார்கள். கல்லூரிப் பையன்கள் அதை ராக் என்றார்கள். கடற்கரையில் இரைச்சல் என்றார்கள்.

எழுபத்து நாலில் வெங்காயம் ஏற்றிப்போன தோணி கொழும்பு சேரவில்லை. மூவரும் அதில் இருந்தார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. துக்கப் பூசை வைத்தார்கள்.

நான்கு வருடம் கழித்து, பாஸ்கலின் மனைவி ஹில்டாவைப் பவுல் கட்டிக்கொள்வதாக முடிவாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. நாளை மூன்றாவது ஓலை. அதற்குள் இந்த நாடாக்கள் வந்து சேர்ந்தன. கொழும்பு வானொலியில் பழைய பதிவுகளை அழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிளாட்வின் ஒரு கப்பல்காரர் மூலம் வரவழைத்தான். இரண்டின் பெட்டியில் தேதி இருந்தது. மூன்றாவதில் குழுவின் பெயர் மட்டும்.

விஷயம் சாமியார் காதுக்குப் போனது. தோணி காணாமல் போனதற்குப் பிறகு பதிவானது என்றால் ஓலை வாசிக்க மாட்டேன் என்றார். பாட்டுத் தெரிந்த நீங்களே கேட்டுச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

அப்படித்தான் சனிக்கிழமை மத்தியானம் நான்கு பேரும் கிளாட்வின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கிளாட்வின் நாசரேத்துக்காரன். சுங்க ஏஜெண்டு ஆபீசில் வேலை. ‘கொண்டல்’ பாடிய ஒரு ஒலிபரப்பையும் விட்டதில்லை. ரோச் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். பவுலும் ரசிகன்தான். ஹில்டா கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாடாவுக்குக் கிளாட்வின் பரீட்சைத் தாள் திருத்துகிறவனைப்போல மார்க் போட்டான். குரல் சுத்தம், டிரம் அதிகம். இரண்டாவதில் எதிர்ப்பாட்டு பிந்துகிறது என்றான். கள்ளு உள்ளே போயிருக்கும், வேறென்ன என்றார் ரோச். கிளாட்வின் சிரிக்கவில்லை.

மூன்றாவதில் ஒரு கித்தார், ஒரு குரல். குரல் பாஸ்கலுடையது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

“மைக் டெஸ்ட் அண்ணாச்சி” என்றான் கிளாட்வின். “முதல்ல ஒருத்தரப் பாடவிட்டு அளவு பாப்பாங்க.”

“முழுப் பாட்டுக்குமாலே டெஸ்ட்டு?”

“இந்தப் பாட்ட நான் கேட்டதில்ல” என்றான் பவுல். “மத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்.”

ரோச் அவனைத் திரும்பிப் பார்த்தார். “ஏலே, நீதான மாப்பிள. வாய மூடிட்டு இருந்தா பழசுன்னு முடிஞ்சிரும்.”

“முடிஞ்சிரும். அவரு உசுரோட இருந்தாருன்னா, நான் தாலி கட்டி என்ன பிரயோசனம்?”

கிளாட்வின் நாடாவை மறுபடி ஓட்டினான்.

‘சோழகம் வந்தாச்சு, கரையப் பாக்காத’ என்றது குரல். ஊருக்குத் திரும்பக் காற்று வந்துவிட்டது, கரைப்பக்கம் பார்க்காதே என்கிற பாட்டு. ‘சோ’ வருகிற இடத்திலெல்லாம் மெல்லிய விசில் கேட்டது. கிளாட்வின் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தான். விசில் போகவில்லை. முதல் நாடாவைப் போட்டுப் பார்த்தான். அதில் விசில் இல்லை.

“நாடா தேஞ்சிருக்கு. அழிச்சு அழிச்சுப் பதிஞ்சது. அப்ப பழசுதான்” என்றான்.

ரோச் ஒத்துக்கொள்ளவில்லை. புதுசு என்றார். பவுல் தெரியாது என்றான். மூன்று பேரும் ஹில்டாவைப் பார்த்தார்கள்.

“இன்னொரு தடவ போடுங்க சார்” என்றாள்.

தரையைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டாள்.

“பழசு” என்றாள். “கல்யாணமான புதுசுல வீட்ல பாடுவாரு. ரேடியோவுல பாடுங்கன்னா, இது வெளிய பாடுத பாட்டு இல்லம்பாரு. டெஸ்ட்டுக்குன்னு பாடியிருப்பாரு.”

பவுல் மூச்சு விட்டான்.

“ஏளா, இத மொதல்லயே சொல்லப்படாதா? மத்தியானத் தூக்கம் போச்சே” என்றார் ரோச். கிளாட்வின் பென்சிலை எடுத்து நாடாப் பெட்டியின் மேல் 1972 என்று எழுதினான்.

பவுல் தெருமுனைவரை அவளோடு நடந்தான்.

“நல்லாத் தெரியுமா ஹில்டா?”

“தெரியும்.”

மறுநாள் பூசையில் சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றார். பெண்கள் பக்கத்தில் ஹில்டா தலையில் முக்காடு போட்டு, செபமாலைப் பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முழந்தாளில் இருந்தாள்.

பைக்குள் செபமாலையோடு ஒரு முன்பல்லின் பாதி கிடந்தது. பாஸ்கல் கடைசியாகத் தோணி ஏறுவதற்கு முந்தின இரவு, அவளை அடிக்கக் கை ஓங்கித் தடுமாறி, அம்மிமேல் விழுந்தபோது உடைந்தது. அவள் மட்டும்தான் பார்த்தாள். அதுவரை அவன் பாட்டில் விசில் கேட்டதில்லை.