எசில்டாவின் கால்கள்

குவாதலூப் தீவில் எங்கள் தெரு மேளத்துக்கு ஒரு சட்டம் உண்டு, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சட்டம். ஆடுகிறவள் கால் சொல்வதைத்தான் மேளக்காரன் கை அடிக்க வேண்டும். கால் ஓயும்வரை கை ஓயக் கூடாது. மேளக்காரன் ஃபுல்பெருக்கும் மனைவி எசில்டாவுக்கும் மூன்று மாதமாகப் பேச்சில்லை. ஞாயிறன்று அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். “போறவ போகட்டும், நான் கூப்பிட மாட்டேன்” என்று சந்தை முழுக்கச் சொல்லிவைத்திருந்தான் அந்த வீறாப்புக்காரன். அவளோ பெட்டியும் கையுமாக வந்து தெருவில் உட்கார்ந்து மேளம் அடித்துக்கொண்டிருந்த அவன் எதிரிலேயே ஆடினாள். பிறகு ஆடியபடியே துறைமுகத்தை நோக்கி நடந்தாள். அடிப்பதை விடாமல் அவன் திருதிருவென விழித்தான். “எந்திரி ஃபுல்பெர், அவ கால் இன்னும் நிக்கல” என்றேன். மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். நாங்களும் போனோம், சும்மா பார்க்கத்தான். கப்பலேறும் பலகையிலும் அவள் கால் நிற்கவில்லை.