மூன்றாவது அட்டவணை

“என் தங்கச்சி நடத்துற இதழுங்கிறதுக்காக ஒரு சலுகையும் கிடையாது. எண் தேறினா இருக்கும். தேறலைன்னா இன்னைக்கே மூடிடலாம்.”

பல்கலைக்கழக இதழ்களை மதிப்பிடும் குழுவின் தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எதிரே தங்கை உட்கார்ந்திருந்தாள். அந்த மண்ணியல் ஆய்விதழைத் தொடங்கியவள் அவள்தான். கட்டுரை கேட்டு, திருத்தி, அச்சுக்கு அனுப்பி இத்தனை வருடம் வளர்த்ததும் அவள்தான். பெற்ற மகளே, “அது எனக்கு அக்காவா, தங்கச்சியா?” என்று கேலி பேசுவாள்.

பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பாசமெல்லாம் தேவையில்லை. ஓர் இதழில் வந்த கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று வெளியே ஒரு நிறுவனம் எண்ணிச் சொல்லும். கட்டுரைக்குச் சராசரியாக ஒன்றாவது வர வேண்டும். போன முறை அவளுடைய இதழுக்கு அதில் பாதிகூட வரவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு.

“எண்ணை மட்டும் பார்க்காம, கட்டுரைகளை ஒரு தரம் படிச்சுப் பாருங்க,” என்றாள்.

“படிச்சுட்டுத்தானே சொல்றேன். அந்த மூணாவது அட்டவணை லட்சணத்தை ஊரே படிச்சிருக்கு.”

மற்ற உறுப்பினர்கள் குனிந்துகொண்டார்கள். உப்பு ஏறிய நிலத்தைப் பற்றித் தன் இதழில் அவளே எழுதிய கட்டுரை அது. மூன்றாவது அட்டவணையில் ஒரு சராசரி பிசகிவிட்டது; முடிவு ஒன்றும் மாறவில்லை. அடுத்த இதழிலேயே திருத்தமும் போட்டாள். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இந்த மனிதரோ இரண்டு வருடமாக அதையே பிடித்துத் தொங்கினார். அவர் எழுதாத ஆய்விதழ் இல்லை, ஏறாத மேடை இல்லை. போதாததற்குத் தன் மாணவர்களையும் ஏவிவிட்டார். கூடப் பிறந்தவனே குழி பறித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணன் வீட்டு வாசலை அவள் மிதித்தே வெகுநாளாகிறது.

உதவிப் பதிவாளர் கணினியில் புதிய எண்ணைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“ஒன்றரை வந்திருக்குங்க.”

அவளால் நம்ப முடியவில்லை. உதவிப் பதிவாளருக்கும் நம்பிக்கை வரவில்லை போலும். யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று நோண்ட ஆரம்பித்தார். சற்று நேரத்தில் தொண்டையைச் செருமினார்.

“ஐயா... பாதிக்கு மேல நீங்களும் உங்க மாணவர்களும் எழுதினது. மீதியில நிறைய, உங்களுக்குப் பதில் சொல்ல வந்தவங்க எழுதினது. எல்லாமே அந்த மூணாவது அட்டவணையைப் பத்திதான். திட்டுறதுக்காகக் காட்டின மேற்கோளையும் நிறுவனம் எண்ணியிருக்கு. கழிச்சிரலாமா?”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவரின் முகம் இறுகியது.

“நம்ம விதி என்ன சொல்லுது?”

“சொந்தக்காரங்க பாராட்டி எழுதியிருந்தா கழிக்கணும். திட்டினா என்ன செய்யணும்னு ஒண்ணும் இல்லைங்க.”

“அப்ப எண்ணித்தான் ஆகணும். இதழ் இருந்துட்டுப் போகட்டும்.”

வெடுக்கென்று கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று உறுப்பினர்கள் கிசுகிசுத்தார்கள். தங்கைக்கு அது போதவில்லை. இரண்டு வருட ஆத்திரம் சும்மா விடுமா? ஓடிப்போய்ப் படிக்கட்டில் அவரை மறித்தாள்.

“என்னை ஒழிக்கணும்னு எழுதி, கடைசியில நீங்களே தோத்துட்டீங்களே அண்ணா.”

அவர் மேலும் கீழும் பார்த்தார். படிகளில் வேறு யாரும் இல்லை.

“மெதுவாப் பேசும்மா. பாராட்டி எழுதியிருந்தா ஒண்ணுகூடத் தேறியிருக்காது,” என்றார் தணிந்த குரலில். “அடுத்த தடவை மட்டும் கொஞ்சம் பெரிய தப்பாப் பண்ணு, இந்தச் சின்னத் தப்பை வெச்சுக்கிட்டு இத்தனை கட்டுரை எழுதறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துடுச்சு.”