கல் நிற்கும் இடம்

“மழைத் தண்ணிக்கு வழி யார் சொல்றாங்க டீச்சர்?” என்று அல்வால் பள்ளியில் ஒரு குழந்தை என்றோ கேட்டது. அந்தப் பள்ளியின் வற்றிய கிணற்றுக்காகத்தான் அதன் ஆசிரியை மங்கையர்க்கரசி இந்தப் பயிற்சி மைதானத்தில் நிற்கிறாள். ஓடும் மழைநீரைத் தடுக்கும் வரப்பு எங்கே வர வேண்டும் என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அதிகாரிகள் வந்து கோடுகளைப் பார்த்துத்தான் வரப்புக்கு மானியம் தருவார்கள். கையில் இரண்டு கால் மரச்சட்டம், அதன் நடுவில் நூலில் தொங்கும் ஒரு கல். நூல் சட்டத்தின் குறுக்குக் கட்டையில் உள்ள குறியில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அங்கே சுண்ணாம்புப் பொடி தூவ வேண்டும். கண்ணுக்கு நிலம் இடப்பக்கம் சரிகிறது, கல்லோ வலப்பக்கம் என்கிறது. எதை நம்புவது என்று புரியாமல், கோலம் போட்ட பழக்கத்தில் நேராக இழுத்து, அழித்து, பொடியைத் தீர்த்துவிட்டாள். “கோலமா போடறீங்க அக்கா? நக்கோ, அது வேணாம். கோணலா வந்தாலும் கல்லு சொல்ற இடம்தான்” என்று பக்கத்தில் கோடு போடும் பானு சிரித்துக்கொண்டே தன் பொடியில் பாதியை அவள் தட்டில் கொட்டுகிறாள்.

மணி அடித்ததும் எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள். ஒரு நாய் வந்து பானுவின் கோட்டில் புரண்டு எழுந்து போகிறது. வெயிலில் வெள்ளை கலைந்து கிடக்கிறது. மங்கையர்க்கரசியின் தட்டில் ஒரு பிடிதான் மீதி. அவள் கோடு இன்னும் முடியவில்லை. கண் இப்போதும் வேறு இடத்தையே காட்டுகிறது. சட்டத்தைப் பானுவின் கலைந்த கோட்டில் ஊன்றுகிறாள். கல் ஆடி ஆடி நிற்கிறது. மனத்துக்குள் முருகனை அழைத்தபடி, கல் சொன்ன கோணலான இடத்தில் அந்தப் பிடியைத் தூவுகிறாள். வெறும் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறாள்.