உதட்டுக்கு ஒரு துளி எண்ணெய்

குரங்குக் குல்லாவுக்குள் மரியஜோசப்பின் முகம் வேர்த்திருந்தது.

வீடியோ காலில் புருஷன் முகத்தை அப்படிப் பார்த்ததும் கத்தரீனாள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சொந்த ஊரான தேவிகுளத்தில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி விழுந்து கிடப்பதைக் காலையில்தான் டிவியில் காட்டினார்கள். அந்தக் குளிரில் ஒரு மனுஷனுக்கு வேர்க்கிறது என்றால் அது காய்ச்சலாகத்தான் இருக்கும்.

கேட்டாள். ஆமாம், லேசாக இருக்கிறது என்றான்.

அவள் இருப்பது மலைக்குக் கீழே, வெகுதூரத்தில், மலையாளமும் தமிழும் புழங்கும் எல்லையூரான வேலந்தாவளத்தில். உறைபனியில் தேயிலை கருகி எஸ்டேட்டில் வேலை நின்றுபோனதும், எழுந்து நடமாட முடியாத கமலாத்தாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இறங்கி வந்தாள். ஏழு வயசு மகள் சோனாவையும் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டையும் புருஷன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

இங்கே பிப்ரவரியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. ஃபேனைப் போட்டால் அனல்தான் வந்தது.

"என்ன கூத்தோ கண்ணு. இங்க நாம வேகறோம், உங்கூர்ல அவிங்க வெறைக்கறாங்க," என்று டிவியைப் பார்த்துக் கட்டிலில் கிடந்த கமலாத்தாள் சொன்னதிலிருந்தே கத்தரீனாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மரியஜோசப்புக்கு வீடியோ என்றாலே ஆகாது. ரேஞ்சு இல்லை என்று வெட்டிவிடுவான். இன்றைக்கு அவள் விடாமல் கூப்பிட்ட பிறகு, குல்லாவும் மஃப்ளருமாக ஒரு சுவரோரம் வந்து உட்கார்ந்திருந்தான். பாவம் என்று நினைத்தாள்.

சோனா வேதபாட வகுப்புக்குப் போயிருக்கிறாளாம். இந்த வாரம் முழுக்க எப்போது கேட்டாலும் பிள்ளை எங்கேயாவது போயிருந்தது, இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருந்தது.

"காய்ச்சலோட இருக்கீக, ஒதடு வெடிச்சிரும். கொஞ்சம் எண்ணெயத் தொட்டு வச்சுக்கிடுங்க. நான் பாக்கணும்," என்றாள்.

பெண்டாட்டி பேச்சைத் தட்டாத மனிதன். கையை நீட்டி ஜன்னலிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திறந்து விரலில் கவிழ்த்தான். எண்ணெய் தண்ணீராக ஓடி, விரலைத் தாண்டி, மணிக்கட்டில் வழிந்தது.

அதை உதட்டில் தடவிக்கொண்டு சிரித்தான்.

கத்தரீனாள் சிரிக்கவில்லை. லயத்து வீட்டில் பனிக்காலம் முடியும்வரை தேங்காய் எண்ணெய் கல்லாகத்தான் கிடக்கும். காலையில் காப்பி கொதிக்கும்போது பாட்டிலை அடுப்போரம் வைத்து, இளகிய நேரத்துக்குள் சோனாவுக்குத் தலை வாரிவிட வேண்டும். இல்லையென்றால் கரண்டிக் காம்பால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஜன்னலில் வைத்த எண்ணெய் இந்த மாதத்தில் இப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை.

இப்போதுதான் அடுப்போரத்திலிருந்து எடுத்து வைத்திருப்பான் என்று மனசு அவனுக்காக வாதாடியது. மனசுக்கென்ன, கூலி கேட்காத வக்கீல்.

அப்போது தெருவில் பஞ்சாயத்து ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. உச்சி வெயிலில் யாரும் வெளியே வர வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. வாசலைத் தாண்டி, முக்குத் திரும்பி, சத்தம் தேய்ந்து போயிற்று.

கொஞ்ச நேரத்தில் அதே குரல் போனுக்குள்ளிருந்து கேட்டது.

முதலில் லேசாக. அப்புறம் அவன் சொல்வது காதில் விழாத அளவுக்குப் பலமாக. யாரும் வெளியே வர வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

ரேஞ்சு இல்லை என்று அவன் வாய் அசைந்தது. படம் அணைவதற்கு முன், அவன் கையிலிருந்த பாட்டிலில் ஒட்டியிருந்த ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அவள் கண்ணில் பட்டது. கத்தரீனாள் பொட்டு வைப்பதில்லை.

இரண்டு தெரு தள்ளி எவள் வீட்டிலோ உட்கார்ந்துகொண்டு, இவளுக்காக இந்தக் காந்தலில் கம்பளிக் குல்லா போட்டிருக்கிறான். அதற்கும் ஒரு பாடு உண்டுதான். அந்த வேர்வையைக் காய்ச்சல் என்று நம்பி, மனசுக்குள் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துவிட்டாளே. தன்மேலேயே அவளுக்குக் கூசியது.

அப்புறம்தான் பகீரென்றது. இவன் இங்கே இருந்தால், அந்தக் குளிரில் பிள்ளையோடு யார்?

லயத்தில் பக்கத்து வீட்டு டின்சியின் போன் ரிப்பேர் என்று மரியஜோசப் சொல்லியிருந்தான். அதற்குக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

எடுத்தது சோனா.

அம்மா குரல் கேட்ட சந்தோஷத்தில் பிள்ளை மூச்சுவிடாமல் பேசினாள். டின்சி அக்காவோடுதான் படுக்கிறாளாம். ராத்திரி ரெண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டிப்போகிறதாம். அம்மாவுக்கு முடியவில்லை, போன் பண்ணித் தொந்தரவு செய்யக் கூடாது என்று அப்பா சொன்னதால்தான் இத்தனை நாளாகக் கூப்பிடவில்லையாம்.

கத்தரீனாள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"ஒனக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம்மா? ஒன்னையப் பாத்துக்கத்தான அப்பா அங்க வந்தாரு. அவர்ட்டக் குடும்மா, பேசணும்."