வாசலோடு சரி

"இந்த வயசுல இதெல்லாம் தேவையாண்ணே?"

செல்போன் கடைக்காரர் போனைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்கப் பெண்கள் சமாச்சாரம். உதட்டுச் சாயம், கைப்பை, இரவு உடை.

எதிரே நின்ற டெய்லரின் முகம் சுருங்கிவிட்டது.

இரண்டு கடை தள்ளித்தான் அவருடைய தையல் கடை. ஐம்பத்தொன்பது வயது. இடது கையால் துணி வெட்டுவதால் தெருவில் அவருக்கு 'இடக்கை டெய்லர்' என்றுதான் பெயர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆள். அளவு கேட்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அதிசயம்.

"போன் ஸ்லோவா இருக்குன்னுதானேப்பா கொடுத்தேன். அதை மட்டும் பாரு."

"அதைத்தான் பார்க்கறேன். எதைத் திறந்தாலும் இந்த ஆன்லைன் கடை வந்து நிக்குது. ஒரு நாளைக்கு இருபது விளம்பரம். ஸ்லோவாகாம என்ன பண்ணும்?"

சொல்லும்போதே கடைக்காரருக்குக் கசந்தது. மனைவியும் மகளும் இத்தனை வருஷமாக இந்த ஆளிடம்தானே துணி தைக்கக் கொடுக்கிறார்கள். இன்றைக்கே வேறு டெய்லர் பார்க்கச் சொல்லிவிட வேண்டும்.

"இது சும்மா வராதுண்ணே. இந்தக் கணக்குல இருக்கறவங்க எதைத் தேடறாங்க, அவங்களுக்கு என்ன வயசு, அதைப் பார்த்துத்தான் கடை விரிப்பான். காலேஜ் பையனுக்கு ஹெட்போன். உங்க வயசுக்காரங்களுக்கு பிரஷர் பார்க்கற மிஷின். உங்களுக்கு எப்படி லிப்ஸ்டிக் வருது?"

டெய்லர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சரி விடுங்க. இதைத் தூக்கிட்டு உங்க பேர்ல, உங்க வயசுல புதுசா ஒண்ணு போட்டுடறேன். மரியாதையா இருக்கும்."

விரல் 'வெளியேறு' என்ற பட்டனுக்குப் போனது.

டெய்லர் மேஜைக்கு மேல் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஊசி குத்திக் காய்த்த விரல்கள் பிடியை விடவில்லை.

"அதைத் தொடாதப்பா. போச்சுன்னா திரும்ப வராது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது."

"உங்க போன்ல இருக்கறது உங்களுக்கே தெரியாதா? அப்போ யாரோடது இது?"

"என் பொண்ணோடது."

கடைக்காரரின் விரல் அப்படியே நின்றது. கல்யாணப் பேச்சில் சண்டை முற்றி அந்தப் பெண் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் இருக்கும். அவள் பேரை என் காதில் போடாதீர்கள் என்று இவர் சொன்னது தெருவுக்கே தெரியும்.

"படிக்கறப்போ ஏதோ புஸ்தகம் வாங்க என் போன்ல இதைப் போட்டா. அவ போயிட்டா, இது போகல. அவ அங்க பார்க்கறதெல்லாம் இங்க வந்து விழுது. முதல்ல குக்கரும் தட்டும் வந்துது. சரி, குடித்தனம் வெச்சுட்டான்னு தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் மாசமா இருக்கறவங்க போடற உடுப்பு. அப்புறம் பால் புட்டி. இப்போ மூணு வயசுக் குழந்தைக்கு ஷூ வருது. நான் தாத்தாப்பா."

"பேரனா, பேத்தியா?"

"அதுதான் பிடிபடல. ஒரு நாள் நீலத்துல காட்டறான், ஒரு நாள் ரோஸ்ல காட்டறான்."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுபோனது.

"காலையில கடை திறந்ததும் முதல்ல இதைத்தான் பார்ப்பேன். ஒரு வாரம் எதுவும் மாறலைன்னா பயமா இருக்கும். யாருக்காவது உடம்புக்கு முடியலையோன்னு. அப்புறம் ஒரு நாள் கலர் பென்சில் வரும். சரி, சுவத்துல கிறுக்குது, நல்லாத்தான் இருக்காங்கன்னு நினைச்சுக்குவேன்."

"ஆர்டர்னு இருக்கற இடத்தைத் தொட்டா எல்லாம் தெரிஞ்சிடுமேண்ணே. அட்ரஸ்கூட இருக்கும்."

"தெரியும். தொடமாட்டேன். அவளாக் கொடுக்காத அட்ரஸ் எனக்கு எதுக்கு? வாசல்ல விரிச்சு வெச்சதைப் பார்க்கறதோட சரி. உள்ள நுழைய எனக்கு என்ன யோக்கியதை? போடி வெளியேன்னு சொன்னவன் நான்."

கடைக்காரர் குனிந்துகொண்டார். வேண்டாத குப்பையை எல்லாம் அழித்தார். அந்த ஒன்றின் பக்கம் மட்டும் விரல் போகவில்லை. ஐந்து நிமிஷம் முன்னால் மனசுக்குள் எழுதிய தீர்ப்பை அழிக்கத்தான் வழி தெரியவில்லை.

"இந்தாங்கண்ணே, இனிமே வேகமா ஓடும். உங்க பொண்ணோடது பத்திரமா இருக்கு."

டெய்லர் வாங்கி முதலில் அதைத்தான் திறந்து பார்த்தார். ஷூ இருந்தது. இன்றைக்கு மஞ்சள். முகம் தெளிந்தது.

"ஆனா அந்தக் கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்பா. கடைசியில என் வயசையும் மோப்பம் பிடிச்சுட்டான். ரெண்டு மாசமா, குழந்தை சாமானுக்கு நடுவுல எனக்குன்னும் சிலது காட்டறான். முட்டிக்கு மாட்டற உறை காட்டினான். இப்போ பாரு, இது."

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தையல் கத்தரிக்கோல். கீழே, 'இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு' என்று போட்டிருந்தது.

"இதை நீங்க தேடினீங்களாண்ணே?"

"எனக்கு எங்கப்பா தேடத் தெரியும்? தள்ளித் தள்ளிப் பார்ப்பேன், அவ்வளவுதான்."

கடைக்காரர் அந்தப் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க எந்தக் கையால துணி வெட்டுவீங்கன்னு கம்பெனிக்கு யாரு சொன்னது?"