முள்கரண்டிக் கல்யாணம்

நடராசன் முள்கரண்டியை மேசைமேல் அடித்த அடியில் கரீபியன் கடல் இரண்டடி பின்வாங்கியது. தென்னை மரங்களில் இருந்த பறவைகள் குடும்பத்தோடு பக்கத்துத் தீவுக்குக் குடிபெயர்ந்தன.

"களத்துல வைக்கோல் ஒதர்ற கவைக்கம்பைக் கொண்டாந்து சாப்பாட்டு மேசையில வச்சிருக்கான்! இது கல்யாணச் சாப்பாடா, இல்ல போரடிக்கிற வேலையா?"

"மெதுவாப் பேசுங்க," என்றாள் மனைவி பிரகதாம்பாள், வாய் நிறைய இறாலோடு. "இங்க யாருக்குத் தமிழ் தெரியும்னு இந்தக் கத்து கத்துறீங்க?"

"தெரிஞ்சவனுக்குத்தான் கத்துறேன்!"

தெரிந்தவர் கடற்கரைப் பந்தலின் அந்தக் கோடியில், காது கேட்காதவர் போல உட்கார்ந்திருந்தார். அமிர்தலிங்கம். மணப்பெண்ணுக்கு அப்பா, நடராசனுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் பொதுவில் கிடந்த நஞ்சையை, அண்ணன் தம்பியைக் கேட்காமல் மனை போட்டு விற்ற நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அண்ணன் ஒரு கட்சிக் கரைவேட்டி கட்டினார் என்பதற்காகவே தம்பி எதிர்க்கட்சிக் கரையைக் கட்டினார். ஆட்சி மாறும்போதெல்லாம் அந்த மனைநகரின் பெயரும் மாறியது. பழைய பெயர் காய்வதற்குள் புதுப் பெயர் எழுதியே உள்ளூர் பெயிண்டர் மாடிவீடு கட்டிவிட்டார். வழக்கு மட்டும் கோர்ட்டில் நட்ட இடத்திலேயே நின்றது.

அன்றைக்குப் பஞ்சாயத்தில் நடராசன் துண்டை உதறிப் போட்டுச் சத்தியம் செய்தார். "இவன் போடற சோத்துல நான் கை நனைச்சேன்னா, எங்கப்பனுக்கே பொறக்கலைன்னு அர்த்தம்!" அண்ணனுக்கும் அதே அப்பன்தான் என்பதை அந்த ஆவேசத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அதன்பிறகு அண்ணன் வீட்டுக் காதுகுத்திலும் கை நனைக்கவில்லை, கிரகப்பிரவேசத்திலும் கை நனைக்கவில்லை. தாயார் கருமாதிக்குக்கூட வாசலோடு வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

இந்தக் கல்யாணத்துக்கும் வந்திருக்க மாட்டார்தான். ஆனால் பெண் வல்லி அவர் தோளிலேயே வளர்ந்தவள். "நீங்க வரலைன்னா கழுத்தை நீட்ட மாட்டேன் சித்தப்பா" என்று அமெரிக்காவிலிருந்து போனில் அழுதுவிட்டாள்.

"வரேன். ஆனா என் சோறு என் பையில" என்று சொல்லி, புளியோதரையும் முறுக்குமாக ஒரு படைக்குப் போதுமான மூட்டையோடு விமானம் ஏறினார். இறங்கிய இடத்தில் அதிகாரிகள் புளியோதரையை வெடிகுண்டைப் பார்ப்பது போலப் பார்த்து, மூட்டையோடு பறிமுதல் செய்துவிட்டார்கள். அதிலிருந்து இளநீர்தான் ஆகாரம். "அது மரம் குடுத்தது, அவன் குடுத்ததில்ல" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. பசி ஏற ஏறக் கோபமும் ஏறி, இப்போது அவர் உள்ளங்காலில் மணல் பொரிந்துகொண்டிருந்தது.

தாலி கட்டிய கையோடு வல்லி கூறைப்புடவையில் வந்து சித்தப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். அவள் தட்டும் காலியாகவே இருந்தது.

"நீங்க ஒரு வாய் சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்."

"பட்டினி கெடக்காதேடி கண்ணு. சித்தப்பன் செஞ்ச சத்தியம் சத்தியந்தான்." நடராசனின் குரல் ஒரு கணம் தழைந்து, உடனே பழையபடி ஏறியது. "ஆனா வந்தவங்களை இப்படியா அவமானப்படுத்துறது? சமையக்கட்டுக்குப் பின்னால பாரு, வாழைத் தோப்பே நிக்கிது! ஆளுக்கொரு எலை போடத் துப்பில்லையா உங்கப்பனுக்கு?"

"ஓட்டல்காரங்க எலையெல்லாம் நறுக்கியே வச்சிருந்தாங்க சித்தப்பா. அப்பாதான் ஒரே பிடிவாதமா வேண்டாம்னுட்டாங்க. பந்தியில யாரும் கையால சாப்பிடற மாதிரியே இருக்கக் கூடாதுன்னு அவங்ககிட்ட சண்டையே போட்டாங்க."

அவ்வளவுதான். நடராசன் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது, முள்கரண்டி மணலில் குத்திட்டு நின்றது.

"கேட்டியா பிரகதா? நம்ம சனம் கையால தின்னா அவனுக்குக் கேவலமா இருக்காம்! சேத்துல நாத்து நட்ட கையிடி இது! நெலத்த வித்த காசுல தொரையாயிட்டான், தொரை!"

"உக்காருங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! இன்னியோட அறுத்துக்கிட்டேன். இனிமே இவங்க நல்லதுக்கும் வர மாட்டேன், கெட்டதுக்கும் வர மாட்டேன். கெளம்புடி!"

"இன்னும் ஐஸ்கிரீம் வரலைங்க."

வல்லி முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். பந்தலில் பாட்டு நின்றது. அந்தக் கோடியிலிருந்து அமிர்தலிங்கம் எழுந்து, கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் விறுவிறுவென்று வந்தார். நடராசனும் வேட்டியை மடித்துக் கட்டினார். மாப்பிள்ளை வீட்டார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

வந்தவர் கை ஓங்கவில்லை. குனிந்து மணலில் நின்ற முள்கரண்டியைப் பிடுங்கித் தோள் துண்டால் துடைத்தார். மேசைமேல் இருந்த கேசரியில் ஒரு வாய் குத்தி எடுத்துத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினார். பஞ்சாயத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சாப்பிடுடா... கை நனையாது."