மாமாவின் கார் படம்

"செத்துட்டான்னுதான் அம்புட்டுப் பேரும் அழுதாய்ங்க தாயி. இப்பப் பாரு, முழுசா வந்து நிக்கான்!"

ராக்கப்பன் கையிலிருந்த போனை மருமகள் ஆனந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார். படத்தின் போன பாகத்தில் காரோடு வெடித்துச் சிதறிய தடியன், இந்தப் பாகத்தில் சட்டை கசங்காமல் வந்து கூட்டாளிகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் சினிமா மாமா."

"சினிமான்னாலும் ஒரு நியாயம் இருக்கும்ல?"

ஆனந்தி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். சூரியநெல்லியில் மழை விட்டபாடில்லை. தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டுக்குள்ளும் பனிமூட்டம் புகுந்து, துணிமணியெல்லாம் நசநசவென்று கிடந்தது.

அவள் புருஷன் பாண்டித்துரை, சுற்றுலா வருகிறவர்களை ஜீப்பில் மலை உச்சிக்கு ஏற்றிப்போகிறவன். போன மாதம் ஆட்களை இறக்கிவிட்டு ஒற்றையாகத் திரும்பும்போது மண் சரிந்தது. ஜீப் ஓடையில் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்துதான் மாமாவுக்கு இந்தக் கார் படப் பைத்தியம். முன்பெல்லாம் மகன் இதைப் பார்த்தால், "தகரத்தைப் போட்டு நொறுக்குறதுக்கு ஒரு படமாடா?" என்று மீசையை முறுக்கிக்கொண்டு திட்டுவார். மீசைக்கார ராக்கப்பன் என்றால்தான் எஸ்டேட்டில் அவரைத் தெரியும். பாண்டித்துரை சிரிப்பான். "இது கார் படம் இல்லப்பா, குடும்பப் படம். யாரு எங்க போனாலும் கடைசியில எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாய்ங்க பாருங்க!"

இப்போது அதே மனுஷன் ஆனந்தியின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஒரு பாகம் விடாமல் பார்க்கிறார். ஏதாவது அழைப்பு வந்தால், படம் கெடுகிறது என்று வெட்டிவிடுகிறார். தூங்கும்போதும் அது அவர் தலையணைக்கு அடியில்தான். மகன் கிடைக்கவேண்டும் என்று முருகனுக்கு முடியிறக்கப் பழனிக்குப் போனவர், அந்தப் போனையும் எடுத்துக்கொண்டே போனார். பஸ்ஸில் படம் பார்க்க வேண்டுமாம்!

இன்று மத்தியானம்தான் திரும்பினார். மழித்த தலையில் குல்லா, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி வாயைச் சுற்றி மப்ளர். அந்தக் குளிரிலும் வாசல் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள்ளேயே நுழைந்தார். பஞ்சாமிர்தத்தை ஆனந்தி நக்கிச் சாப்பிட்டாள். அத்தை முத்துப்பேச்சி அதைத் தொடக்கூட இல்லை.

"போலீஸ்ல இருந்து ஏதாச்சும் சொன்னாய்ங்களா மாமா?"

"ஒண்ணும் இல்ல தாயி."

"என் போனைக் கொஞ்சம் குடுங்களேன். அம்மாகிட்டப் பேசணும்."

"பேசலாம், பேசலாம். இந்தப் பாகம் முடியட்டும்."

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. பாவம், பெற்ற மனசு. செத்தவன் திரும்பி வருகிற படத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. லயத்துப் பெண்கள் குழாயடியில் இவளைக் கண்டதும் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார்கள். மாமாவின் புத்தி பேதலித்ததைத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு அவமானமாக இருக்கும்.

பாண்டித்துரை வருவானா, மாட்டானா என்று அவளுக்கே தெரியாது. ராத்திரியில் ஒரு மனசு வருவான் என்னும், இன்னொரு மனசு வாயைப் பொத்தும். ஆனால் மாமாவிடம் அதைச் சொல்லமாட்டாள். அந்த நம்பிக்கையும் உடைந்தால் மனுஷன் தாங்கமாட்டார். அவருக்காகத்தான் தினமும் இந்தக் கண்றாவியைப் பார்க்கிறாள்.

"மாமா, அவரு வந்துருவாருல்ல?" வழக்கம்போல் கேட்டாள். கேட்டால் அவர் முகம் மலரும்.

"வராம? பிள்ளை பொறக்கட்டும். நீ சத்தா சாப்பிட்டு நல்லபடியாப் பெத்து எந்திரி. ரத்தக் கொதிப்பு கூடக்கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்குல்ல?"

அடுப்படியில் முத்துப்பேச்சி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. ஈர விறகு, ஒரே புகை.

திரையில் சண்டை ஓய்ந்து, எல்லாரும் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இந்தா, சாப்பாட்டுக்கு உக்காந்துட்டாய்ங்க. பேச்சி, ஆனந்திக்குக் கஞ்சியை ஊத்து!"

தட்டு வந்தது. கஞ்சி, தேங்காய்த் துவையல். ஆனந்தி கையை வைக்கவில்லை.

"நீங்களும் சாப்பிட்டாத்தான் மாமா. பழனியில இருந்து வந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலைன்னு அத்தை சொன்னாங்க. குடும்பப் படம்னா குடும்பமா உக்காந்து சாப்பிடணும்ல?"

"எனக்குப் பசியில்ல தாயி."

"அப்ப எனக்கும் வேணாம்." தட்டைத் தள்ளினாள்.

அவர் பதறிப்போனார். "இந்தா, சாப்பிடுறேன்! சாப்பிடுறேன் தாயி!" அவசரத்தில் மப்ளரைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அவள் தட்டிலிருந்தே ஒரு கை கஞ்சியை அள்ளி வாயில் போட்டார்.

தட்டை இழுக்கப்போன ஆனந்தியின் கை பாதியில் நின்றுவிட்டது.

அந்த மீசை இல்லை. மேலுதடு மழுமழுவென்று வெளுத்துக் கிடந்தது.

அவர்கள் சனத்தில் முருகனுக்குக் கொடுப்பது தலைமுடியை மட்டும்தான். பழனிக்குப் போகிற ஆம்பளை மீசையோடுதான் திரும்புவான். ஆனந்தியின் அப்பா ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் மீசையை எடுத்தார், அவளுடைய அண்ணனுக்குக் கொள்ளி வைத்த அன்று.

"அடுத்த பாகத்தைப் போடவா தாயி?" அவர் மப்ளரை மறுபடி மூக்குவரை ஏற்றிக்கொண்டார்.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. ஆனந்தி கஞ்சியை அள்ளி விழுங்கினாள்.

"போடுங்க மாமா. அவரு வந்துருவாரு."